தூரக் கணக்கு

திருவல்லிக்கேணியில் நான் வழக்கமாகப் போகும் பழைய புத்தகக் கடைக்குள் பக்கவாட்டில்தான் நடக்க முடியும். கடைக்காரரை எல்லோரும் பாய் என்று கூப்பிடுவார்கள். நானும் அப்படித்தான். அவருடைய அப்பா மூர் மார்க்கெட்டில் கடை வைத்திருந்தவர். பதினைந்து வருடங்களாக அங்கே வாங்கப் போய்க்கொண்டிருந்த நான், முதல் தடவையாக விற்கப் போனது 2022 ஜனவரியில். ஆட்டோவில் இரண்டு அட்டைப்பெட்டிகள். அவ்வளவும் ரயில் புத்தகங்கள், அப்பாவுடையவை.

அப்பா தெற்கு ரயில்வேயில் உதவி ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தார். திருவாரூர் - காரைக்குடி மீட்டர் கேஜ் பாதையில் திருநெல்லிக்காவல், முத்துப்பேட்டை, பேராவூரணி என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாக மாற்றலானதில் என் பள்ளிக்கூடமும் மாறிக்கொண்டே இருந்தது. அப்பாவுக்குக் குடி, சீட்டு என்று ஒன்றும் கிடையாது. ரயில் பற்றிய புத்தகம் எங்கே கிடைத்தாலும் வாங்குவார். அது ஒன்றுதான் பழக்கம். மெட்ராஸ் போனால் நேராக மூர் மார்க்கெட்டுக்குள் நுழைந்துவிடுவாராம். 1900இல் திறந்த அந்தச் சிவப்புக் கட்டடம் 1985 மே 30ஆம் தேதி எரிந்தது. அந்த இடத்தில்தான் இன்று சென்ட்ரலின் புறநகர் ரயில் முனையம் நிற்கிறது. புத்தகக் கடைக்காரர்களில் பலர் பக்கத்திலிருந்த அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். முனையத்துக்கு ரயில்வே வைத்திருக்கும் சுருக்கப் பெயர் எம்எம்சி, மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ். "புத்தகக் கடை இருந்த இடத்துல ரயில் வந்துட்டுது. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்று அப்பா சொல்வார். சொல்லிவிட்டு வெகுநேரம் பேசாமல் இருப்பார்.

பாய் பெட்டியைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்தார். முதலில் அட்டை, பிறகு வருஷம், பிறகு கடைசியில் மடித்து வைத்திருக்கும் வரைபடம் கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்தார். அதன் பிறகு கட்டைவிரலால் பக்கங்களைச் சரசரவென்று ஓட்டினார்.

ரயில் புத்தகங்களுக்கென்று ஒரு தனிச் சந்தை உண்டு என்பது எனக்கு அன்றுதான் முழுதாகப் புரிந்தது. மெட்ராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வே, தென்னிந்திய ரயில்வே, மைசூர் ரயில்வே மூன்றும் சேர்ந்து தெற்கு ரயில்வே ஆனது 1951 ஏப்ரல் 14இல். அதற்கு முன் அந்தக் கம்பெனிகளின் பெயரில் அச்சானவற்றுக்கு நல்ல விலை. 1992க்குப் பிறகு மீட்டர் கேஜ் பாதைகளை அகலப் பாதையாக மாற்றத் தொடங்கியதால், அதற்கு முந்தைய கால அட்டவணைகளையும் தேடுகிறார்கள். இன்று ஓடாத கம்பன் எக்ஸ்பிரஸ் எந்த ஸ்டேஷனில் எத்தனை நிமிடம் நின்றது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். ஊழியர்களுக்கு மட்டும் கொடுக்கும் வேலை அட்டவணைக்கு இன்னும் கிராக்கி. "வாங்குறவங்க எல்லாம் யாரு பாய்?" என்று கேட்டேன். "ரிடையர்டு ஆளுங்க, பேங்க் ஆபீசருங்க, ஐடி பசங்க. எல்லாம் ஜென்ட்ஸ்தான் மேடம்."

தென்னிந்திய ரயில்வே வெளியிட்ட படங்கள் நிறைந்த வழிகாட்டி நூலுக்கு ஆயிரத்து ஐந்நூறு சொன்னார். நீராவி எஞ்சின்கள் பற்றியதற்கு எழுநூறு. ரயில்வேயின் பொது விதிகள் புத்தகத்துக்கு இருநூறு. அப்பா அந்த விதிகளை மனப்பாடமாகச் சொல்வார். ஸ்டேஷன் மாஸ்டர் இதைச் செய்ய வேண்டும், கார்டு இதைச் செய்ய வேண்டும், கேட்மேன் இதைச் செய்ய வேண்டும். முத்துப்பேட்டையில் எங்கள் குவார்ட்டர்சுக்குப் பக்கத்து கேட்டில் கேட்மேனுக்குக் காய்ச்சல் கண்ட இரவுகளில் அவர் மனைவிதான் கை விளக்கோடு வந்து கேட்டை மூடுவாள். அந்த அக்கா எந்த விதியிலும் இல்லை. சம்பளப் பட்டியலிலும் இல்லை.

கடைசியாக ஒரு கால அட்டவணை. முன் அட்டை இல்லை. பாய் பக்கங்களை ஓட்டிப் பார்த்து அதை மட்டும் தனியாக என் பக்கம் தள்ளினார்.

"இது வேணாம் மேடம். எழுதியிருக்கு."

வீட்டுக்குத் திரும்பும் வழியில், ஆட்டோவில்தான் அதைத் திறந்தேன். பக்க ஓரங்களில் பென்சில். அம்மாவின் கையெழுத்து.

இந்த இடத்தில் 2012ஆம் வருடத்தைச் சொல்லியாக வேண்டும். அப்பா அதற்கு முந்தைய ஆண்டு இறந்துபோனார். திருவாரூர் வாடகை வீட்டைக் காலி செய்து அம்மாவை என்னோடு சென்னைக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். லாரிக்காரர் அவசரப்படுத்தினார். அப்பாவின் அலமாரியை அப்படியே கட்டினோம். அது அப்பாவுடையது, படித்த மனிதரின் சேகரிப்பு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சமையலறைப் பரணில் சணல் கயிற்றால் கட்டிய இரண்டு கட்டுகள் இருந்தன. மேலே தெரிந்தவை காலாவதியான டைம்டேபிள்கள். பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டேன். தராசில் பதினான்கு கிலோ. கிலோ எட்டு ரூபாய். நூற்றுப் பன்னிரண்டு ரூபாயை வாங்கி அம்மா கையில் கொடுத்தேன்.

அம்மா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அதுல பச்சை அட்டை போட்டது ஒண்ணு இருக்குமே, பாத்தியா?" என்று மட்டும் கேட்டாள்.

"எல்லாம் பழைய டைம்டேபிள்மா. என்ன பண்ணப்போறோம் அத வச்சுக்கிட்டு?"

"அதுவும் சரிதான்" என்றாள். அதன் பிறகு 2021இல் அவள் சாகும்வரை ஒரு தடவைகூட அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவள் நான். பல்கலைக்கழக நூலகத்தில் ஓர் ஓலைச்சுவடியைக் கையில் எடுத்தால், நூல் முடிந்த பிறகு ஏடெழுதியவர் தன் பெயரையும் முடித்த நாளையும் போட்டிருக்கிறாரா என்று தேடிப் பார்ப்பவள். அந்தக் கட்டைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அப்பாவின் பெட்டியையும் பாய் பிரிக்கும் வரை நான் பிரிக்கவில்லை. அவர் 'எழுதியிருக்கு' என்று தள்ளாமல் போயிருந்தால் இதையும் விற்றுவிட்டுத்தான் வந்திருப்பேன்.

அட்டை இல்லாததால் அது பச்சையாக இருந்ததா என்று இனி யாரும் சொல்ல முடியாது.

ரயில்வேயில் புது அட்டவணை வந்தால் பழையது அன்றோடு செத்துப்போகும். அதனால்தான் அவை இவ்வளவு அரிதாகிவிட்டன. ஸ்டேஷனில் கழித்துப்போட்டதை அப்பா வீட்டுக்குக் கொண்டுவருவார். புது நோட்டு வாங்கக் காசு கேட்க வேண்டும். இதற்குக் கேட்க வேண்டியதில்லை. ஓரத்தில் ஒரு விரலகலம் வெள்ளை இருக்கும், ரயில்கள் குறைந்த பாதைகளின் பக்கத்தில் பாதிப் பக்கமே வெள்ளையாக இருக்கும். அம்மா அதில் கணக்கு எழுதினாள். தேதி, பால், மண்ணெண்ணெய், வண்ணாருக்குப் போட்ட துணி, சீட்டுப் பணம். ஓரம் தீர்ந்தால் அடுத்த டைம்டேபிள். ஆக அந்தப் புத்தகம் முப்பத்தைந்து வருடம் கிழியாமல் கிடந்ததற்கே காரணம் அந்தப் பென்சில் எழுத்துதான். எழுதாமல் இருந்திருந்தால் அது எந்த வருஷமோ பொட்டலமாகப் போயிருக்கும். விலையைக் குறைப்பதும் அதுவேதான்.

அம்மா எட்டாவது வரை படித்தவள். டைம்டேபிள் பார்க்கத் தானாகக் கற்றுக்கொண்டாள். ஆங்கிலத்தில் ஊர்ப் பெயரை எழுத்துக்கூட்டுவாள். பதினெட்டு முப்பது என்றால் பன்னிரண்டைக் கழித்து சாயங்காலம் ஆறரை என்பாள். அந்தப் பாதையில் ஒரு ரயில் அடுத்த ஸ்டேஷனுக்குக் கிளம்ப டிரைவர் கையில் டோக்கன் இருக்க வேண்டும், பிரம்பு வளையத்தில் வைத்து நீட்டுவார்கள். டோக்கன் கருவியில் மணி எத்தனை தடவை அடிக்கிறது என்பதைச் சமையலறையிலிருந்தே கேட்டு, "வண்டி விட்டுட்டான், சாதத்த வடிக்கணும்" என்பாள். காரைக்குடியில் இறங்கினால் அடுத்த வண்டிக்கு எவ்வளவு நேரம் உட்கார வேண்டும் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் அப்பாவிடம் கேட்க மாட்டார்கள், பின்கட்டு வழியாக வந்து அம்மாவிடம்தான் கேட்பார்கள்.

அவள் எங்கும் போனதில்லை. ரயில்வே குடும்பத்துக்கு வருடந்தோறும் இலவச பாஸ் உண்டு. எங்கள் பாஸ் அம்மா பிறந்த ஊருக்கும் அப்பா பிறந்த ஊருக்கும் இடையில் தீர்ந்துவிடும். மீதி லீவு கிடைக்காமல் காலாவதியாகும். அந்த அட்டவணையில் மானாமதுரை - ராமேஸ்வரம் பக்கத்தில் இரண்டு வண்டிகளின் கீழே பென்சில் கோடு இருக்கிறது. ஓரத்தில், காரைக்குடியில் எத்தனை மணி நேரம், மானாமதுரையில் எத்தனை மணி நேரம் என்று கழித்துப் போட்ட கணக்கு. அதன் கீழே 'ஜூன் 14 - 18'. அதற்கும் கீழே வேறொரு நாள் எழுதியது போல அழுத்தமில்லாமல் ஒரே சொல்: 'போகலை.'

அந்த வருடம் எங்கள் துறையில் இளங்கலை மாணவிகளுக்குச் சுவடியியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். மூலத்தை எப்படி வாசிப்பது, ஓரக் குறிப்பை எப்படிப் பிரித்தறிவது என்று சொல்லித் தருவதற்கு அந்த அட்டவணையை வகுப்புக்குக் கொண்டுபோனேன். "இது 1987ஆம் வருடத்து ஏடு என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதியவர் யார், என்ன எழுதியிருக்கிறார், படித்துச் சொல்லுங்கள்." எழுதியவர் என் அம்மா என்று சொல்லவில்லை.

எனக்கு ஏற்கெனவே ஒரு பதில் இருந்தது. சில தேதிகளின் பக்கத்தில் சின்னதாக ஒரு வட்டம் போட்டிருக்கும். பால்காரர் வராத நாள் என்று முடிவு செய்து வைத்திருந்தேன். பின்வரிசையில் உட்காரும் ஒரு பெண், அவர்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள், விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்தாள்.

"மேம், இது பால் கணக்கு இல்ல. வட்டம் போட்ட அன்னிக்கும் பால் அரைப்படின்னு எழுதியிருக்கு."

"சரி, அப்ப என்ன?"

அவள் பக்கத்திலிருந்தவளைப் பார்த்தாள். "இருபத்தெட்டு, இருபத்தேழு, இருபத்தொன்பது நாளைக்கு ஒருக்கா வருது மேம். தூரமாகுற கணக்கு. எங்கம்மா காலண்டர்ல இப்படித்தான் போடுவாங்க."

வகுப்பில் லேசாகச் சிரிப்பு எழுந்து அடங்கியது. எனக்கு முகத்தில் சூடு ஏறியது. என் முனைவர் பட்ட ஆய்வு பாலைத்திணை பற்றியது. பொருள் தேடிப் போன தலைவன் வரும் நாளைச் சுவரில் கோடிழைத்து எண்ணும் தலைவியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அந்தக் கோடுகளைப் பாடத் தெரிந்த புலவர்களையும் உரை எழுதியவர்களையும் மேற்கோள் காட்டியிருக்கிறேன். என் வீட்டிலேயே ஒருத்தி நாள் எண்ணி வட்டம் போட்டதைப் பால் கணக்கு என்று படித்தேன்.

ராமேஸ்வரத்துக்கு ஜூன் 14 முதல் 18 வரை என்று அவள் ஏன் குறித்தாள் என்பதும் அப்போதுதான் விளங்கியது. ஜூன் 12இல் ஒரு வட்டம். தலைக்குக் குளித்து, கோவிலுக்குப் போகலாம் என்றாக ஐந்து நாள் பொதுவாகக் கணக்கு. அவள் அதையும் சேர்த்து எண்ணி, கடைசி இரண்டு நாளைத் தரிசனத்துக்கு வைத்திருந்திருக்கிறாள். ரயில் அட்டவணையிலும் தூரம் என்று ஒரு பத்தி உண்டு, கிலோமீட்டரில். அம்மா இரண்டு தூரத்தையும் சேர்த்துக் கூட்டிக் கழித்துத்தான் பயணம் போட வேண்டியிருந்தது. டைம்டேபிள் அச்சடித்த யாருக்கும் அந்த இரண்டாவது பத்தி தேவைப்பட்டிருக்காது.

மாணவி இன்னும் நின்றுகொண்டிருந்தாள். "ஜூலைக்கு அப்புறம் வட்டம் இல்ல மேம். அப்புறம் நவம்பர்லதான் வருது."

அவளை உட்காரச் சொன்னேன். மணி அடித்ததும் துறை அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பக்கங்களைப் பார்த்தேன். ஜூலை 10இல் வட்டம். ஆகஸ்டில் இல்லை. செப்டம்பரில் இல்லை. அக்டோபர் 6: 'ஆஸ்பத்திரி 40. வண்டி 6.' அக்டோபர் 7, 8, 9 ஒன்றும் எழுதவில்லை. அக்டோபர் 10இலிருந்து மறுபடி பால், மண்ணெண்ணெய். நவம்பர் 13இல் வட்டம்.

எனக்கு அப்போது எட்டு வயது. அந்த ஆண்டு ஆயுதபூஜை லீவில் என்னை அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டது நினைவிருக்கிறது. திரும்பி வந்தபோது அம்மா கயிற்றுக்கட்டிலில் படுத்திருந்தாள். வயிற்று வலி என்றாள். எனக்குத் தம்பி தங்கை கிடையாது.

ரயில்வே ஊழியர் குடும்பத்துக்கு மருத்துவம் இலவசம். திருச்சி பொன்மலையில் பெரிய ரயில்வே ஆஸ்பத்திரி இருந்தது. ஆனால் அங்கே போக பாஸ் வேண்டும், பாஸுக்கு அப்பா எழுதித் தர வேண்டும். அம்மா நாற்பது ரூபாய் கொடுத்து வேறு எங்கோ போயிருக்கிறாள். சீட்டுப் பணத்தில் அந்த மாதம் நாற்பது குறைகிறது. தானாகக் கலைந்ததா, கலைத்தாளா, அப்பாவுக்குத் தெரியுமா, துணைக்கு யார் போனார்கள்? கேட் மூடும் அந்த அக்காவாக இருக்கலாம். இவற்றை நான் கேட்டிருக்கக்கூடிய ஒரே ஆளுக்கு என்னோடு ஒரே வீட்டில் ஒன்பது வருடம் இருந்தது. அவள் கேட்டது ஒரு பச்சை அட்டைப் புத்தகத்தை. நான் நூற்றுப் பன்னிரண்டு ரூபாயைக் கையில் வைத்தேன்.

மீதிப் பதினான்கு கிலோவில் என்னென்ன இருந்தது என்பதை நினைக்காமல் இப்போதெல்லாம் எனக்கு ஒரு நாளும் போவதில்லை.

அந்த மாணவியிடம் பிறகு உண்மையைச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "எங்கம்மா காலண்டரையெல்லாம் வருஷா வருஷம் தூக்கிப் போட்டுருவோம் மேம்" என்றாள். அடுத்த வாரம் வீட்டிலிருந்து நான்கு காலண்டர்களைச் சுருட்டி எடுத்துவந்து காட்டினாள். பின்பக்கத்தில் கோலங்கள், நடுவே கடன் கணக்கு.

அன்றிலிருந்து பாய் கடையில் எழுதிய ரயில் புத்தகமாகப் பார்த்து வாங்குகிறேன். சுத்தமான பிரதி எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முதலில் அவர் நம்பவில்லை. "கிறுக்கினதா மேடம்? சும்மாவே எடுத்துட்டுப் போங்க" என்றார். அப்படிக் கிடைத்தவற்றில் ஓர் அட்டவணையின் கடைசித் தாள் முழுக்கப் புள்ளிக் கோலம். ஒரு விதிப் புத்தகத்தில், சிக்னல் பற்றிய அத்தியாயத்தின் ஓரத்தில், பிரசவத்துக்கு வாங்க வேண்டிய மருந்துச் சாமான்களின் பட்டியல், சுக்கு முதல் பெருங்காயம் வரை. இன்னொன்றில் யாரோ ஒரு சிறுமி ஸ்டேஷன் பெயர்களின் மேலேயே தன் பெயரை நாற்பது தடவை எழுதிப் பழகியிருக்கிறாள். எல்லாம் பெண்கள் எழுதியவை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். சுக்கும் பெருங்காயமும் யார் கணக்கு என்று ஊகிக்கச் சுவடியியல் தேவையில்லை.

2023 ஏப்ரலில் திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு மறுபடி ரயில் விட்டார்கள், இப்போது அகலப் பாதையில். அம்மாவின் அட்டவணையில் அந்தக் கிளைப் பாதையின் பக்கம் மட்டும் எந்த எழுத்தும் இல்லாமல் சுத்தமாக இருக்கிறது. அடுத்த கோடை விடுமுறையில் அதில் போய்வர வேண்டும் என்று இருக்கிறேன். ஓரத்தில் நானும் ஒரு தேதி எழுதுவேன்.

போன மாதம் பாய் ஒரு கட்டு எடுத்து வைத்திருந்தார். மூன்று அட்டவணைகள். மூன்றிலும் பென்சில். விலை கேட்டேன்.

"ஒண்ணு இருநூறு மேடம்."

"என்ன பாய், எழுதினது சும்மாதானே குடுப்பீங்க?"

"அது அப்ப. இப்ப எழுதினது ரேட் ஏறிடுச்சு. நீங்க கேக்குறீங்கல்ல, உங்க ஸ்டூடன்ட் பொண்ணு ஒண்ணும் வந்து கேட்டுட்டுப் போச்சு."

பதினைந்து வருடமாக அவரிடம் பேரம் பேசாமல் நான் ஒரு புத்தகம்கூட வாங்கியதில்லை. அன்று அறுநூறு ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன்.